நாயகன் முகத்தை மறைத்த கை

படம் ஓடும்போது அக்கா வலது கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொள்வார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை டி.வி.யை நோக்கி இடமும் வலமுமாக நகர்த்துவார். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகுதான் விளங்கியது. அவர் கதாநாயகனின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நாயகன் நடந்தால் கையும் நடக்கும். அவன் உட்கார்ந்தால் கையும் இறங்கும்.

ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஆளு முன்னாடி நின்னுக்கிட்டுப் பின்னாடி இருக்கிறவங்களைப் பாக்கவுடாம பண்றான் தம்பி" என்றார்.

பெரம்பலூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள். எங்களுடையது மூன்றாவது, அக்காவுடையது ஆறாவது. நான் நெடுஞ்சாலையோரம் ஒரு லாரி பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். அக்கா மண்டியில் சின்ன வெங்காயம் ஆய்கிறவர். காலையில் போய் உட்கார்ந்தால் தாளையும் வேரையும் கிள்ளிக் கிள்ளிச் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்தக் கையைத்தான் படத்துக்கு நேராக நீட்டுவார். அவர் கண் கலங்கியிருந்தால் அது படத்தாலா வெங்காயத்தாலா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் வெங்காயம்தான். மற்றவர்கள் அழும் இடத்தில் அவர் அழமாட்டார்.

அந்த ஆறு வீடுகளில் டி.வி. எங்களிடம் மட்டும் இருந்தது. ஞாயிறு மாலைப் படத்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாயகி உயிர்விடும் கட்டத்தில் அத்தனை பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அக்கா திடீரென்று சிரிப்பார்.

"இன்னைக்குத் தொந்திக்காரருக்கு வசனம் குடுத்துட்டாங்க!"

திரும்பிப் பார்த்தால், கட்டிலுக்குப் பின்னால் நிற்கும் பருத்த மனிதர் ஒருவர் 'டாக்டரைக் கூப்பிடுங்க' என்று சொல்லி முடித்திருப்பார். போன வாரப் படத்தில் அவர் நீதிமன்ற டவாலி. அதற்கு முந்தைய வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களில் ஒருவர். அந்த இரண்டு வாரமும் வாய் திறக்கவில்லை என்பது அக்காவின் கணக்கு.

"சாவு சீன்ல சிரிக்கிறவங்களை நடுவூட்டுல உக்கார வெச்சுக்கிட்டு இருக்கீங்க, நல்லாவா இருக்கு?" என்று என் மனைவி என்னிடம் முணுமுணுத்ததுண்டு. ஆனால் அக்கா வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்குப் போய் "யக்கா, எழுத்துப் போட்டுட்டான்!" என்று குரல் கொடுப்பவளும் அவள்தான்.

தேதி குறித்து வைப்பது என் பழக்கம். எந்தப் படம் எந்த வருடம், எந்த மாதம் என்று கோடு போட்ட நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்தது பாதி. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்தது கொஞ்சம். மீதி, படம் தொடங்குமுன் திரையில் வரும் தணிக்கைச் சான்றிதழிலிருந்து. அந்தச் சான்றிதழ் நாலு விநாடிதான் நிற்கும். அதற்குள் தேதியைப் படித்துவிட எனக்குக் கண் பழகியிருந்தது. இப்படிப்பட்டவன் இதை எழுதும்போது மட்டும் ஒரு வருடத்தைக்கூட எண்ணில் போடவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

அக்கா ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, இது எந்த வருசத்துப் படம்?"

கதை நன்றாக இருந்ததா, யார் நடித்தது, யார் பாடியது என்று எதுவும் கேட்டதில்லை. வருடம் மட்டும். நான் சொன்னதும் உதட்டை அசைத்து மனதில் போட்டுக்கொண்டு எழுந்து போவார். என் நோட்டுகளை அதுவரை யாரும் மதித்ததில்லை. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் ஒரு கொலை வழக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் கை வக்கீல் முகத்தின்மேல் இருந்தது. சட்டென்று அந்தக் கை கீழே விழுந்தது. எழுந்து நின்றார்.

"தம்பி, ஒரு நிமிசம்" என்றார், என்னவோ நான் படத்தைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பதுபோல.

அப்போதெல்லாம் டி.வி.யில் படத்தை நிறுத்த முடியாது. வக்கீல் பேசி முடித்து, தீர்ப்பாகி, நாயகன் விடுதலையாகி, பாட்டும் பாடிவிட்டான். அக்கா நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு என் மனைவிதான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விஷயத்தை வாங்கினாள்.

நீதிமன்றத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கான பெஞ்சுகளில், மூன்றாவது வரிசையில், இடது கையைப் பின்னால் கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் அவருடைய வீட்டுக்காரர்.

அக்காவைக் கொடுத்தது கல்லங்குறிச்சிக்கு அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்தில். கல்யாணமான மூன்றாவது வருடம், தை மாதம் ஒரு காலையில், வீட்டுக்காரர் அரியலூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டார். சினிமாவில் சேர்வதற்கு. மொத்தம் ஐந்து கடிதங்கள் வந்தன. மூன்றாவது கடிதத்தில், 'கோர்ட்டு சீனில் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறேன், மூன்றாவது வரிசை, படம் வந்தால் பார்' என்று இருந்தது. படம் அரியலூருக்கு வந்தது. அக்கா மாமனாரிடம் அனுமதி கேட்டு, துணைக்கு ஆள் தேடி, டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். மூன்றே நாள்தான் ஓடியதாம். அதைத்தான் இருபது வருடத்துக்கும் மேலாகி எங்கள் வீட்டில் பார்த்தார்.

கடிதங்கள் நின்ற பிறகு, போய் ஆறாவது வருடம், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார், யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று. அவர் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். மாமியார் நம்ப மறுத்தார். தான் இருக்கும்வரை யாரும் எள் இறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா பொட்டோடும் தாலியோடும் கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு, பிழைப்புக்காகப் பெரம்பலூர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கையின்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. என் மனைவியும் முணுமுணுப்பதை விட்டாள். நானே நாயகனை விட்டுவிட்டுப் பின்னால் பார்க்கத் தொடங்கினேன். அங்கே ஒரு தனி ஊரே இருந்தது. தொந்திக்காரர், ஒற்றைக் கடுக்கன் போட்டவர், எந்தப் படத்திலும் கான்ஸ்டபிளாகவே வருகிறவர். இவர்கள் எல்லோரையும் அக்காவுக்குத் தெரியும். அழுகிற அம்மா என்று ஒருவர். எந்த வீட்டில் பிணம் விழுந்தாலும் மாரில் அடித்துக்கொண்டு முதலில் ஓடிவருவார். "இவங்க வந்துட்டா அந்த ஆளு பொழைக்க மாட்டான்" என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிடுவார். அப்படியே நடக்கும்.

பெரிய நடிகர்கள் காலமான தேதி என் நோட்டில் இருக்கும். அக்காவிடம் இருந்தது வேறு பட்டியல்.

"ஒத்தக் கடுக்கனை நாலு படமா காணோம் தம்பி. போயிட்டாரு போல."

"வேற வேலைக்குப் போயிருக்கலாம்க்கா."

"அவரா? அவரு நின்னுக்கிட்டே இருந்து பழகுனவரு. வேற என்ன வேலைக்குப் போவாரு?"

பதினோரு வருடத்தில் ஏழு படங்களில் அக்கா தன் வீட்டுக்காரரைக் காட்டினார். இரண்டில் நானும் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற ஐந்தில் எனக்குத் தெரிந்தது ஒரு தோள், ஒரு பின்னங்கழுத்து. வருடத்தை மட்டும் ஒவ்வொன்றுக்கும் சரியாகச் சொன்னேன்.

மாமியார் இறந்த மறு வருடம், ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் கொழுந்தனார் தன் மனைவியோடு வந்தார். பஸ்ஸில் வந்த புழுதியோடு, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அக்காவின் வீட்டில் நாலு பேர் உட்கார இடமில்லை என்பதால் எங்கள் வீட்டில் வைத்துத்தான் பேசினார்கள்.

"அண்ணி, ஆடி அமாவாசைக்குத் திருமழபாடியில வெச்சிருக்கேன். ஐயருகிட்ட சொல்லியாச்சு. தர்ப்பையில உருவம் செஞ்சு, நெருப்பு வெச்சு, ஆத்துல கரைக்கணுமாம்."

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். காணாமப் போன பன்னெண்டாம் வருசமே செஞ்சிருக்கணும். அம்மா விடலை."

"அவரு செத்ததை யாரு பாத்தது?"

"உசுரோட இருக்கிறதை யாரு பாத்தது?"

"நான் பாத்தேன். ஏழு தடவை."

"அது படம் அண்ணி."

கொழுந்தனார் தன் இரண்டு கைகளையும் விரித்து அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொட்டியை நான்தான் தூக்கிட்டுப் போனேன். டேசன்ல ஏத்திவுட்டதும் நான்தான். அம்மாகிட்ட சொல்லாதடான்னாரு, சொல்லலை. இந்தக் கையாலதான் ஏத்திவுட்டேன். இந்தக் கையாலதான் அவரை அனுப்பியும் வெக்கணும். நாளைக்கு நான் போயிட்டா யாரு செய்வா? உங்களுக்கு ஒண்ணும் செய்ய மாட்டோம். பொட்டு, தாலி எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"அவருக்குச் செஞ்சா எனக்கும் செஞ்ச மாதிரிதான்" என்றார் அக்கா.

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குத்தான் வருசமெல்லாம் தெரியும்னாங்க. அந்தப் படங்க கடைசியா எப்ப வந்தது?"

நோட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். ஏழு படங்களில் கடைசிப் படம், சாவுச் செய்தி வந்ததற்கு முந்தைய வருடம்.

"அப்ப சேதி கொண்டாந்த ஆளு சொன்னது சரியாத்தானே இருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அக்கா எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஓரகத்தி மட்டும் பின்னாலேயே போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வருவாங்க. அமாவாசைக்கு வருவாங்க" என்று கணவரிடம் சொன்னார்.

ஆடி பிறந்தது. உள்ளூர் கேபிள்காரர் முதல் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு அம்மன் படம் போட்டார். கறுப்பு வெள்ளை. முன்னணியில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை, எல்லாம் புதுமுகங்கள். என் நோட்டுகளில் இல்லாத படம் அது. அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்பு; ஆடி வெள்ளி என்று அக்காவும் மண்டிக்குப் போகவில்லை. படம் தொடங்கும்போதே சான்றிதழைப் படித்து எழுதிக்கொண்டேன். நமக்குத் தெரியாமல் ஒரு படம் இருந்திருக்கிறதே என்று சின்ன வருத்தமும், இப்போது பிடித்துவிட்டோமே என்று சின்ன மகிழ்ச்சியும்.

தீச்சட்டி எடுக்கும் காட்சி. மேளம், தூசி, நூறு பேர் கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் வேப்பிலையோடு ஒருவர் நடந்து வந்தார். நேராகக் காமிராவை நோக்கி வந்து, கடைசி நொடியில் திரும்பினார். முழு முகம். இரண்டு முறை இமைக்கும் நேரம்.

அக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. மறைக்க அங்கே நாயகன் இல்லை.

"அவருதான்" என்றாள் என் மனைவி. அவளுக்கே தெரிந்துவிட்டது.

நான் எழுதி வைத்த தேதியைப் பார்த்தேன். சாவுச் செய்தி வந்ததற்கு ஏழு வருடம் பிந்திய தேதி. அக்காவிடம் சொன்னேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "நல்லாப் பாத்தீங்களா தம்பி?"

"சர்டிபிகேட்லயே போட்டிருக்குக்கா. அரசாங்க முத்திரையோட."

"சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எதிர்பார்த்தது அதைவிட அதிகம்.

கேபிள்காரரிடம் கேசட்டைக் கெஞ்சி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தனாரை வரவழைத்து, இரவல் வாங்கிய டெக்கில் போட்டுக் காட்டினோம். சான்றிதழ் வந்தபோது தேதியைத் தொட்டே காட்டினேன். வேப்பிலைக்காரர் நடந்து வந்ததும் கொழுந்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன்தான். அந்த நடையைப் பாரேன், அந்த நடையைப் பாரேன்" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "வருசம் சரிதானே சார்? நல்லாத் தெரியுமில்ல?"

"சந்தேகமே வேண்டாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தர்ப்பை, எள், பச்சரிசி, வேட்டி என்று காரியத்துக்கான சாமான் பட்டியல். அதை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப எங்கதான் இருக்காரு?"

அந்தக் கேள்வியோடு அவர் போனார். அந்த ஆடியில் திருமழபாடிக்கு யாரும் போகவில்லை. அடுத்த ஆடியில் கொழுந்தனார் சென்னைக்குப் போனார். கையில் கல்யாணப் போட்டோ. படப்பிடிப்புக் கூடங்கள் இருந்த தெருக்களில், துணை நடிகர்கள் காத்திருக்கும் டீக்கடைகளில், கோயில் வாசல்களில் எல்லாம் காட்டிக் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன்கள் விரட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடமும் போனார். அதற்கடுத்த வருடமும். பதினான்கு ஆடிகள். ஒவ்வொரு முறையும் பெரம்பலூரில் இறங்கி அண்ணியைப் பார்த்துவிட்டுத்தான் சென்னை பஸ் ஏறுவார். அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுப்பார். வாசல்வரை வந்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்பார்.

அதை நான் பதினான்கு முறை பார்த்திருக்கிறேன். அப்போது அது பாசமாகத் தெரிந்தது.

பன்னிரண்டாவது ஆடிக்குப் பிறகு, திருச்சியில் ஒரு நடைபாதைக் கடையில் பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்பதாவதோ பத்தாவதோ அந்த அம்மன் படத்தினுடையது. அட்டையில் அதே புதுமுகங்கள். கீழே அச்சிட்டிருந்த வருடம் நான் சொன்ன வருடத்துக்குப் பத்து வருடம் முந்தியது.

அந்தக் காலத்தில் தணிக்கைச் சான்றிதழுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அதற்குப் பிறகும் படத்தை ஓட்ட வேண்டுமென்றால் புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். புதுத் தேதி போட்டுத் தருவார்கள். ஆடி மாதம் டூரிங் டாக்கீஸ்களில் ஓட்டுவதற்காக யாரோ அந்தப் படத்துக்குப் புதுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். இந்த விதி எனக்குத் தெரியாததல்ல. என் நோட்டு ஒன்றின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன். தெரியாத படத்தைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில், எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பெருமையில், அதை நினைக்கவில்லை. அந்த வருடத்தில் கறுப்பு வெள்ளை ஏது என்று தோன்றியதைக்கூட, சின்னப் படம்தானே என்று ஒதுக்கிவிட்டேன்.

அப்படியானால் அண்ணன்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்பதற்கு எதிராக நம்மிடம் ஒன்றும் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஆடியில் கொழுந்தனார் சென்னைக்குப் போனார். அதற்கடுத்த ஆடியில் கால் வீங்கித் திரும்பி வந்தார். சிறுநீரகம் என்றார்கள். தை மாதம் அரியலூரில் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார முயன்றார்.

"சார், வர்ற ஆடிக்கு என்னால முடியாது. நீங்க ஒரு எட்டு போயிட்டு வரீங்களா? போட்டோ தர்றேன்."

"போறேங்க" என்றேன்.

பங்குனியில் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருட விதி, புதுச் சான்றிதழ், இழுப்பறை. அவர் மடியில் வெங்காயக் கூடை இருந்தது. கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி."

"என்னக்கா தெரியும்?"

"வருசம் தப்புன்னு. அந்தப் படத்துல அழுவுற அம்மா வந்தாங்களே, பாக்கலையா? தீச்சட்டிக்காரன் விழுந்தப்ப ஓடியாந்தாங்களே. வாய் நெறையப் பல்லு. கோர்ட்டு படத்துலயே அவங்களுக்கு முன்பல்லு ரெண்டு போயிருச்சு. போன பல்லு மொளைக்குமா?"

நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"தொந்திக்காரருக்கு அதுல தொந்தியே இல்லை. எங்க வீட்டுக்காரரு பட்டணம் போன புதுசுல எடுத்த படம் அது. மொத மொதக் கூட்டத்துல நின்னிருப்பாரு. அதான் காமிராவைப் பாத்துட்டாரு. பழகுனவங்க பாக்க மாட்டாங்க."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. நீங்க வருசம் சொன்னீங்க. முத்திரை இருக்குன்னீங்க. நான் சரின்னேன்." ஒரு வெங்காயத்தைக் கிள்ளிக் கூடையில் போட்டார். "அவரைப் புல்லுல செஞ்சு கொளுத்தறேன்னு வந்து நிக்கிறாங்க. நான் என்ன பண்றது?"

"உங்க கொழுந்தனாரு பதினாலு வருசம் அலைஞ்சாருக்கா."

"தெரியும்" என்றார். "நானும் சோறு கட்டிக் குடுத்தேன்ல." அப்போதுதான் கை நின்றது. "ஒவ்வொரு தடவையும் இன்னைக்குச் சொல்லிடணும், இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் அடுப்பைப் பத்தவெப்பேன். சோறு வெந்ததும் கட்டிக் குடுத்துருவேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். இருவரும் ஒரே குற்றத்தை இரண்டு வீட்டில் வைத்துக் காத்து வந்திருக்கிறோம். என்னுடையது இரண்டு வருடம், அவருடையது பதினான்கு. அதனால் அவரைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதி வந்துவிட்டதாக அன்று நினைத்தேன். ஏழெட்டு மாதம் பேசவில்லை.

என் மனைவிதான் மறுபடி அழைத்து வந்தாள், கைபேசியைக் காட்டுவதற்காக. அந்த அம்மன் படத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். "யக்கா, இதுல நிறுத்திப் பாக்கலாம்" என்று வேப்பிலைக்காரர் திரும்பும் இடத்தில் விரலால் தொட்டு நிறுத்தினாள். அக்கா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திரையில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். மூக்கு எது, கண் எது என்று சொல்ல முடியாது. ஓடவிட்டாள், முகம் வந்தது. நிறுத்தினாள், கலங்கியது.

"நிக்க வெச்சா போயிடறாரு" என்றார் அக்கா. "வுட்டுரு. நடக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர் படம் பார்த்து நான் கண்டதில்லை.

போன ஐப்பசியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, அக்கா எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே போயிருந்தார். தகவல் சொன்னதும் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஓரகத்தியும் வந்தார். வெள்ளைச் சேலை இல்லை, சாயம் போன ஒரு பச்சைச் சேலை. நெற்றி வெறுமையாக இருந்தது. வாசலில் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

குளிப்பாட்டுவதற்கு முன்பு பெண்களிடையே ஒரு குசுகுசுப்பு எழுந்தது. வயதான ஒரு பெண் வெளியே வந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "எப்படி அனுப்பறது? மஞ்சள் குங்குமம் வெச்சா, வெக்காமலா? அவரு இருக்காரா, இல்லையா? ஒண்ணை முடிவாச் சொல்லுங்க. தண்ணி ஆறுது."

யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். உறவில் நெருங்கியவர் அவர்தான். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"என்னைக் கேக்காதீங்க. வருசம் சொன்னவரு அந்தா உக்காந்திருக்காரு. அவரைக் கேளுங்க."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உண்மை தெரியும். உள்ளே கிடத்தியிருந்தவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"பொட்டு வைங்க" என்றேன்.

அந்த வயதான பெண் உள்ளே போனார். யாரோ மஞ்சளை உரசும் சத்தம் கேட்டது. மஞ்சள் பூசுவதற்கும் குங்குமம் வைப்பதற்கும் சுமங்கலிகள்தான் வேண்டும் என்பதால் ஓரகத்தி வெளியே வந்து, சுவரோரமாக, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"எங்கிட்ட அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு செத்த வருசமே சொல்லிட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "இவரு போனப்ப பதினாறாம் நாளு என்னை உக்கார வெச்சு வளையலை ஒடைச்சாங்க. எனக்கு ஒரு வருசம் தள்ளிச் சொல்ல யாரும் வரலையே."

தெருமுனையில் பூக்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார். நான்தான் மல்லிகைக்குச் சொல்லியிருந்தேன். எழுந்து போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்தேன். உள்ளே கொடுக்க அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்.